சொல்லடைவுக் கருவியில் வெப் வொர்க்கரும் காம்லிங்கும்: பயன்படுத்திப் பார்த்தபின் ஒரு மதிப்புரை

பழைய இலக்கிய உரைகளுக்குச் சொல்லடைவு தயாரிக்கும் சிறு கருவி ஒன்றை, உலாவிக்குள்ளேயே இயங்கும்படி எழுதிப் பராமரித்து வருகிறேன். ஒருவர் தம் கணினியிலுள்ள உரைக்கோப்பைத் தேர்ந்தெடுத்தால், அதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் எத்தனை முறை வருகிறது, எந்தெந்த அடிகளில் வருகிறது என்பதை அகராதி வரிசையில் அடுக்கிக் காட்டுவதே அதன் வேலை. கோப்பு எந்தச் சேவையகத்துக்கும் போவதில்லை. இன்னும் பதிப்பிக்கப்படாத படிகளைத் தட்டச்சு செய்து வைத்திருப்பவர்கள் அவற்றை வெளியே அனுப்பத் தயங்குவார்கள் என்பதால், எல்லாக் கணக்கும் அவர்கள் முன்னிருக்கும் கணினியிலேயே நடக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே முடிவு செய்திருந்தேன். அந்த முடிவுதான், கனமான வேலையைப் பக்கத்தை உறையவைக்காமல் பின்னணியில் ஓட்டும் உலாவி வசதியான வெப் வொர்க்கரிடம் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. முதலில் அதை நேரடியாகவும், பிறகு வொர்க்கரோடு பேசுவதை எளிதாக்கக் கூகுள் குரோம் லேப்ஸ் வெளியிட்டுள்ள காம்லிங்க் என்னும் லைப்ரரியின் (ஆயத்த நிரல்தொகுப்பின்) துணையோடும் பயன்படுத்திய அனுபவத்தை வைத்து இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெப் வொர்க்கர் முதிர்ந்த, நம்பி இறங்கத்தக்க வசதி. ஆனால் அது வேலையை விரைவாக்கித் தரும் என்று எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாறுவார்கள். என் கருவியில் வரிசைப்படுத்தலுக்கு முன்பு எத்தனை வினாடி ஆனதோ ஏறத்தாழ அத்தனை வினாடிதான் இப்போதும் ஆகிறது. மாறியிருப்பது வேறு: அந்த வினாடிகளில் பக்கம் உயிரோடு இருக்கிறது, உருளுகிறது, தட்டச்சை வாங்கிக்கொள்கிறது, வேண்டாம் என்றால் நிறுத்தவும் விடுகிறது. காம்லிங்க் அந்த வசதியை எழுதுவதற்கு எளிதாக்குகிறது. அதை மனமாரப் பரிந்துரைக்கிறேன். எனினும், அது எதை நம் கண்ணிலிருந்து மறைக்கிறது என்பதை அறிந்தபிறகே அதைக் கையில் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இந்த மதிப்புரையின் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

உலாவியில் ஒரு பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் நிரல், பக்கத்தை வரைவது, சுட்டியின் சொடுக்குகளைக் கவனிப்பது ஆகியவை எல்லாம் முதன்மை இழை எனப்படும் ஒரே இழையில் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் ஒவ்வொரு முறைக்கும் கிடைப்பது சுமார் 16.7 மில்லிவினாடி. இடையீடின்றி 50 மில்லிவினாடிக்கு மேல் ஓடும் எந்தப் பணியையும் உலாவியின் அளவீட்டுக் கருவிகள் நீண்ட பணி என்று குறிக்கின்றன. என் கருவியின் வரிசைப்படுத்தல் பல வினாடி எடுத்தது; அத்தனை நேரமும் பக்கம் உறைந்து நின்றது, சில கணினிகளில் பக்கம் பதிலளிக்கவில்லை என்ற எச்சரிக்கைப் பெட்டியும் வந்தது.

தமிழுக்கு இந்த வரிசைப்படுத்தல் ஏன் இவ்வளவு கனமானது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் இயல்பாகச் சொற்களை யூனிகோடு குறியெண் வரிசையில் அடுக்குகிறது. அந்த அட்டவணையில் னகரம் நகரத்துக்கு அடுத்தும் பகரத்துக்கு முன்னும் இருப்பதால், கபிலருக்கு முன்பாகக் கன்னி வந்து நிற்கும். புள்ளி உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் இருப்பதால் கலை முன்னும் கல் பின்னும் வரும். அகராதி மரபுக்கு இரண்டுமே பிழை. சரியான வரிசைக்கு இன்டல் கொலேட்டர் என்னும் ஒப்பீட்டு வசதியைத் தமிழுக்கென அமைத்துக்கொண்டு, சொற்களை இரண்டிரண்டாக அதன் வழியாக ஒப்பிட வேண்டும். 3 லட்சம் தனிச்சொற்கள் கொண்ட ஒரு தொகுப்பை அடுக்குவதற்கு ஏறத்தாழ 50 லட்சம் ஒப்பீடுகள் தேவைப்படும். ஒவ்வொன்றும் வெறும் எண் ஒப்பீட்டைவிடப் பலமடங்கு வேலை வாங்குவது. இதைக் குறுக்குவழியில் குறைக்க முடியாது என்று தெளிந்தபிறகுதான், வேலையை வேறிடத்துக்கு மாற்றுவது பற்றி யோசித்தேன்.

வெப் வொர்க்கர் புதிய கண்டுபிடிப்பு அன்று. கூகுள் கியர்ஸ் என்ற பழைய உலாவிச் சேர்க்கையில் 2007 அளவிலேயே இதன் முன்னோடி இருந்தது. 2009இல் பயர்பாக்ஸ் 3.5, சஃபாரி 4 ஆகியவற்றிலும், அடுத்த ஆண்டு தொடக்கத்தில் குரோம் 4இலும் இப்போதைய வடிவம் வந்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மட்டும் 2012இல் அதன் 10ஆம் பதிப்பு வரை காத்திருக்க வைத்தது. இன்று உங்கள் பயனர்களிடம் உள்ள எந்த உலாவியிலும் அடிப்படை வொர்க்கர் இருக்கிறது என்று தயக்கமின்றி எடுத்துக்கொள்ளலாம். பயர்பாக்ஸில் பி.டி.எஃப். கோப்பைத் திறக்கும்போது அதைப் பிரித்துப் படிப்பதும், டெசராக்ட் ஜேஎஸ் வழியாக உலாவிக்குள்ளேயே எழுத்துணரி ஓடுவதும் இதே வசதியின் மேல்தான். டெசராக்டில் தமிழுக்கும் தரவு இருப்பதால், வருடிய பக்கங்களிலிருந்து உரையெடுக்க விரும்பும் தமிழ்ப் பயனர்கள் அறியாமலேயே வொர்க்கரைப் பயன்படுத்திக்கொண்டிருக்கக்கூடும்.

வொர்க்கர் என்பது தனியே ஓர் இழையில், தனக்கென ஒரு நினைவகத்தோடு இயங்கும் நிரல்கோப்பு. அதற்குப் பக்கத்தின் எந்த உறுப்பும் தெரியாது. பக்கத்தையும் அதன் சாளரத்தையும் குறிக்கும் டாக்குமென்ட், விண்டோ இரண்டும் அங்கே இல்லை. உலாவியின் சிறு சேமிப்பிடமான லோக்கல் ஸ்டோரேஜும் இல்லை. வலையிலிருந்து தரவெடுக்கும் ஃபெட்ச், உலாவிக்குள் இருக்கும் தரவுத்தளமான இன்டெக்ஸ்டுடிபி, சேவையகத்தோடு தொடர்ந்து பேச உதவும் வெப்சாக்கெட், டைமர்கள், நான் நம்பியிருந்த இன்டல் வசதிகள் ஆகியவை உண்டு. பக்கத்துக்கும் வொர்க்கருக்கும் இடையே போஸ்ட்மெசேஜ் வழியாகச் செய்தி மட்டுமே போகும், வரும். பிற மொழிகளில் பல இழைகளோடு நிரல் எழுதியவர்களுக்கு இது கட்டிப்போட்டதுபோல் தோன்றலாம். எனக்கு இதுவே இந்த வடிவமைப்பின் பெரிய நற்குணமாகப் படுகிறது. ஒரே பொருளை இரண்டு இழைகள் ஒரே நேரத்தில் மாற்றிக் குலைப்பதற்கு வழியே இல்லாததால், பூட்டு, போட்டி என்று இழைநிரல்களில் இரவெல்லாம் தேடவைக்கும் பிழைவகை ஒன்று முழுதாக நீங்கிவிடுகிறது.

பெயர் ஒற்றுமையால் சிலர் இதைச் சர்வீஸ் வொர்க்கரோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது பக்கத்துக்கும் வலையமைப்புக்கும் நடுவே உட்கார்ந்து கோரிக்கைகளைக் கையாள்வது. வேலையில்லாதபோது உலாவி அதை நிறுத்திவிடும். கனமான கணக்குக்கு அது இடம் இல்லை.

முதல் வடிவத்தைக் காம்லிங்க் இல்லாமல் கையாலேயே எழுதினேன். பக்கம் ஒரு செய்தியை அனுப்பும். வொர்க்கர் அதன் வகையைப் பார்த்து வேலை செய்து பதிலை அனுப்பும். ஒரே வகைச் செய்தி மட்டும் இருந்தவரை இது அழகாக இருந்தது. கோப்பைப் படி, அடுக்கு, தேடு, ஒரு சொல்லின் இடங்களைக் கொடு, முன்னேற்றத்தைச் சொல் என்று வகைகள் பெருகியவுடன், எந்தப் பதில் எந்தக் கேள்விக்கு உரியது என்று அறிய ஒவ்வொரு செய்திக்கும் எண் கொடுக்க வேண்டியதாயிற்று. எண்ணுக்குரிய பிராமிஸை (பின்னால் வரவிருக்கும் விடைக்கான இடம்பிடிப்பை) ஓர் அட்டவணையில் வைத்து, பதில் வந்ததும் எடுத்து நிறைவேற்ற வேண்டியதாயிற்று. வொர்க்கருக்குள் எழும் பிழையைப் பிடித்துச் செய்தியாக்கி, இந்தப் பக்கத்தில் மறுபடி பிழையாக எழுப்ப வேண்டியதாயிற்று. சொல்லடைவுக்கு எந்தத் தொடர்பும் இல்லாத இந்த அஞ்சல் வேலை, நிரலின் கணிசமான பகுதியை விழுங்கிவிட்டது.

காம்லிங்க் இந்த அஞ்சல் வேலையைத்தான் தன் தலைமேல் எடுத்துக்கொள்கிறது. வொர்க்கர் கோப்பில் ஒரு பொருளை எக்ஸ்போஸ் என்னும் ஒற்றை அழைப்பால் வெளிப்படுத்துகிறோம். பக்கத்தில் வொர்க்கரை ராப் என்னும் அழைப்பால் சுற்றிக்கொள்கிறோம். அதன்பின் வொர்க்கருக்குள் இருக்கும் செயல்கூறுகளை (ஃபங்ஷன்களை), அவை நம் பக்கத்திலேயே இருப்பதுபோல அழைக்கலாம். முன்னால், விடை வரும்வரை காத்திரு என்று பொருள்படும் அவெயிட் என்ற சொல் மட்டும் வேண்டும். ஒரு பொருளின் மேல் வரும் அழைப்புகளை இடைமறிக்கும் ஜாவாஸ்கிரிப்ட்டின் பிராக்ஸி வசதியைக் கொண்டு, நாம் எந்தச் செயல்கூறை எந்த மதிப்புகளோடு அழைத்தோம் என்பதைச் செய்தியாக்கி அனுப்பி, பதிலைப் பிராமிஸாகத் திருப்பித் தருவதே இதன் உள்வேலை. வொர்க்கருக்குள் எழும் பிழை, அழைத்த இடத்திலேயே பிழையாக வந்து விழுகிறது. காம்லிங்கின் அளவு சுருக்கியபின் சுமார் 1.1 கிலோபைட் என்று அதன் விளக்கக்குறிப்பு சொல்கிறது. அபாச்சி 2 உரிமத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. தரவு வகைகளைச் சரிபார்க்கும் ஜாவாஸ்கிரிப்ட் வடிவமான டைப்ஸ்கிரிப்ட்டில் எழுதுபவர்களுக்கு, சுற்றப்பட்ட பொருளின் வகையையும் அதுவே சரியாகத் தருவதால், அவெயிட் விட்டுப்போன இடங்களைத் தொகுக்கும்போதே பிடித்துவிடலாம். மாற்றி எழுதிய அன்று என் அஞ்சல் அட்டவணையை முழுதாக அழித்தேன்; நிரலைப் படித்தால் அது சொல்லடைவைப் பற்றிய நிரலாகத் தெரிந்தது. ஒரு லைப்ரரியிடம் நான் எதிர்பார்ப்பது இதைத்தான்.

இனி, அது மறைப்பதைப் பார்ப்போம். செய்தியாக அனுப்பப்படும் ஒவ்வொன்றும் ஸ்ட்ரக்சர்டு குளோன் என்னும் முறையில் நகலெடுக்கப்பட்டே மறுபக்கம் போகிறது. மேப், செட் என்னும் தரவுத் தொகுப்புகள், தேதி, அணிகள் (அரே என்னும் வரிசைப் பட்டியல்கள்), ஒன்றுக்குள் ஒன்றாய் அடுக்கிய பொருள்கள் ஆகியவை நகலாகும். செயல்கூறுகளும் பக்க உறுப்புகளும் நகலாகாமல் பிழை எழுப்பும். நாம் எழுதிய வகுப்பின் பொருள் வெறும் தரவாக, தன் செயல்களை இழந்து போய்ச் சேரும். கையால் போஸ்ட்மெசேஜ் எழுதும்போது இந்தத் தரவு இப்போது இங்கிருந்து அங்கே போகிறது என்ற உணர்வு விரலில் இருக்கும். காம்லிங்கில் அது சாதாரண அழைப்பாகத் தோற்றம் தருவதால், அந்த உணர்வு மழுங்கிவிடுகிறது.

எனக்கு நேர்ந்தது இதுதான். அடுக்கு என்ற செயல்கூறு, 3 லட்சம் சொற்களையும் ஒவ்வொன்றின் அடி எண்களையும் கொண்ட முழுப் பட்டியலைத் திருப்பித் தரும்படி எழுதியிருந்தேன். கனமான வேலையெல்லாம் வொர்க்கருக்குப் போய்விட்டது, இனிப் பக்கம் உறையாது என்று நம்பி ஓட்டினால், அடுக்கல் முடியும்வரை சீராக இருந்த பக்கம், முடிந்த அந்தக் கணத்தில் உறைந்து நின்றது. காரணம் இது: அனுப்புபவர் இழையில் தரவு கட்டப்படுகிறது, பெறுபவர் இழையில் அது அவிழ்த்து மீண்டும் பொருள்களாக உருவாக்கப்படுகிறது. லட்சக்கணக்கான சிறு பொருள்களை அவிழ்த்து உருவாக்கும் அந்த வேலை முழுவதும் நான் காப்பாற்ற நினைத்த முதன்மை இழையின் தலையிலேயே விழுந்தது. வேலையை அனுப்பிவிட்டு, விளைச்சலை மொத்தமாக வாசலில் கொட்டச் சொன்னதற்கு ஒப்பானது அது.

இதற்கு அளவு என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு நல்ல வழிகாட்டு எண் இருக்கிறது. காம்லிங்கை உருவாக்கிய சுர்மா 2019இல் பல சாதனங்களில் அளந்து பார்த்து, மிக மெதுவான கைபேசியிலும்கூட 100 கிலோபைட் வரையிலான பொருளை 100 மில்லிவினாடி என்னும் பதிலளிப்பு எல்லைக்குள் அனுப்பிவிடலாம் என்றும், திரையில் அசைவூட்டம் ஓடிக்கொண்டிருந்தால் 10 கிலோபைட் வரை அச்சமில்லை என்றும் முடிவு சொன்னார். என் பட்டியல் இந்த எல்லையைவிடப் பல மடங்கு பெரியது.

அதன்பின் கருவியைத் திருப்பி அமைத்தேன். முழுப் பட்டியலும் வொர்க்கரிலேயே தங்கும். திரையில் தெரியும் 50 வரிகளை மட்டும் பக்கம் கேட்டு வாங்கும். உருட்டினால் அடுத்த 50. ஒரு சொல்லைச் சொடுக்கினால் அந்தச் சொல்லின் இடங்கள் மட்டும் வரும். தரவு வொர்க்கருடையது, காட்சி பக்கத்துடையது என்ற இந்தப் பிரிவினையைத் தொடக்கத்திலேயே செய்திருந்தால் இரண்டு வாரம் மிஞ்சியிருக்கும். வொர்க்கரை ஒரு கணக்கீட்டு எந்திரமாக மட்டும் பார்க்காமல், தரவைக் காத்து வைத்திருந்து கேட்டதை மட்டும் எடுத்துத் தரும் நூலகராகப் பார்த்தால், நகலெடுப்பதன் செலவு தானாகவே சுருங்கிவிடுகிறது.

உள்ளே போகும் வழியிலும் இதே கவனம் வேண்டும். கோப்பை முதலில் பக்கத்தில் படித்து, கிடைத்த உரைச் சரத்தை வொர்க்கருக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். தமிழ் உரைக்கு இது சற்று விலை கூடியது: தமிழ் என்ற மூன்றெழுத்துச் சொல்லே 5 குறியெண்களால் ஆனது, கோப்பில் யூடிஎஃப்-8 முறையில் அது 15 பைட், ஜாவாஸ்கிரிப்ட் சரமாக மாறினால் 10 பைட். பல மெகாபைட் உரையைப் படித்து, மாற்றி, நகலெடுப்பதற்குப் பதிலாக, பயனர் தேர்ந்தெடுத்த ஃபைல் பொருளையே அப்படியே வொர்க்கருக்கு அனுப்பலாம் என்று பிறகு கற்றேன். ஃபைல் பொருள் அனுப்பப்படும்போது அதன் உள்ளடக்கம் நகலாவதில்லை. கோப்பைச் சுட்டும் குறிப்பு மட்டுமே போகிறது. படிப்பதும் பிரிப்பதும் வொர்க்கரிலேயே நடக்கின்றன. ஏற்கெனவே நினைவகத்தில் இருக்கும் பைட் தொகுதியானால் அதை நகலெடுக்காமல் உரிமை மாற்றிக் கொடுக்கவும் முடியும்; காம்லிங்கில் அதற்கு டிரான்ஸ்ஃபர் என்ற தனி அழைப்பு இருக்கிறது. உரிமை மாறியபின் கொடுத்தவர் கையில் அந்தத் தொகுதியின் நீளம் சுழியமாகிவிடும் என்பதை மறந்தால், வெற்றுத் தரவை வைத்துக்கொண்டு காரணம் தேட நேரிடும்.

காம்லிங்கின் வேறு இரண்டு இயல்புகளையும் குறிப்பிட வேண்டும். முன்னேற்றத்தைத் தெரிவிக்க ஒரு செயல்கூறை வொர்க்கருக்குக் கொடுக்க விரும்பினால், அது நகலாகாது என்பதால் அதைக் காம்லிங்கின் பிராக்ஸி என்ற அழைப்பால் சுற்றித் தர வேண்டும். அப்படித் தந்த இணைப்பு ஒவ்வொன்றும் விடுவிக்கப்படும்வரை இருபுறமும் நினைவகத்தில் தங்கக்கூடும். மேலும், ஆயிரம் சொல்லுக்கு ஒருமுறை முன்னேற்றத்தைச் சொன்னால் போதும். ஒவ்வொரு சொல்லுக்கும் அழைத்தால் செய்திகளின் எண்ணிக்கையே முதன்மை இழையைத் திணறடிக்கும். இரண்டாவது இயல்பு இன்னும் முக்கியமானது. வொர்க்கர் கோப்பு ஏற்றப்படாமல் போனாலோ, நாமே டெர்மினேட் சொல்லி வொர்க்கரை நிறுத்திவிட்டாலோ, அதனிடம் காத்திருக்கும் அழைப்புகள் நிறைவேறுவதும் இல்லை, பிழையாவதும் இல்லை, அப்படியே காத்துக்கொண்டிருக்கும். எனவே வொர்க்கர் பொருளின் எரர் நிகழ்வை நாம் தனியே கவனிக்க வேண்டும். நிறுத்தும்போது காத்திருப்பவர்களுக்கு நாமே பதில் சொல்ல வேண்டும். இந்தப் பொறுப்பை லைப்ரரியே ஏற்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பது என் ஆற்றாமை.

நிறுத்துவது என்பதே இந்த வசதியில் எனக்கு மிகுந்த உழைப்பு வைத்த பகுதி. தேடல் பெட்டியில் ஒருவர் அகம் என்று தட்டச்சு செய்யும்போது, முதல் எழுத்துக்கே ஒரு தேடல் தொடங்கிவிடுகிறது. அடுத்த எழுத்து வந்தவுடன் முந்தைய தேடல் வீணானது. நிறுத்து என்று செய்தி அனுப்பலாமே என்று முதலில் தோன்றும். ஆனால் வொர்க்கரும் ஒற்றை இழைதான். ஒரு சுழலுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்வரை அது எந்தச் செய்தியையும் எடுத்துப் பார்க்காது. நிறுத்து என்ற செய்தி வாசலில் வரிசையில் நின்று, வேலை முடிந்தபின் வாசிக்கப்படும். சுழலின் நடுவே அவெயிட் ஒன்றை வைத்தால் செய்தி உள்ளே வந்துவிடும் என்று எண்ணி, உடனே நிறைவேறும் பிராமிஸுக்குக் காத்திருக்கச் செய்தேன், பயனில்லை. அப்படிப்பட்ட காத்திருப்பு, காத்திருக்கும் செய்திகளுக்கு இடம் விடாமல் அதே மூச்சில் தொடர்ந்துவிடும். டைமர் வழியாகவோ மெசேஜ் சேனல் வழியாகவோ உண்மையாகவே ஒரு சுற்று விட்டுக்கொடுத்தால்தான் வாசலில் நிற்கும் செய்தி உள்ளே வரும்.

அதன்படி, தேடலைச் சில ஆயிரம் சொற்கள் கொண்ட துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் பின் ஒரு சுற்று விட்டுக்கொடுத்து, தேடலுக்குரிய வரிசை எண் மாறியிருந்தால் அங்கேயே நிறுத்தும்படி எழுதினேன். இப்போது எழுத்துக்கு எழுத்து முடிவுகள் மாறுவது கண்ணுக்கு இதமாக இருக்கிறது. அடுக்கலுக்கு மட்டும் இந்த வழி பலிக்கவில்லை. அணியின் சார்ட் என்பது தொடங்கினால் முடியும்வரை இடையில் நிற்காத ஒற்றை அழைப்பு. அதைத் துண்டாக்க நாமே அடுக்கும் முறையை எழுத வேண்டும். கோப்பை ஏற்றும்போது ஒரே ஒருமுறைதான் அடுக்கல் நடக்கிறது என்பதால், பயனர் நடுவில் வேறு கோப்பைத் தேர்ந்தெடுத்தால் வொர்க்கரையே டெர்மினேட் செய்துவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்குகிறேன். முரட்டுத்தனமான வழிதான், ஆனால் உலாவி அதை உடனடியாகவும் சுத்தமாகவும் செய்து முடிக்கிறது.

ஒரு வொர்க்கருக்குப் பதில் நான்கு வைத்தால் அடுக்கல் நான்கு மடங்கு விரையுமா என்றும் பார்த்தேன். கணினியில் எத்தனை உட்கருக்கள் உண்டு என்பதை ஹார்டுவேர் கன்கரன்சி என்ற மதிப்பு தோராயமாகச் சொல்லும். சொற்களை நான்காகப் பிரித்து, தனித்தனியே அடுக்கி, இறுதியில் ஒன்றாகக் கோத்தால் அடுக்கல் விரைவது உண்மை. ஆனால் பிரித்துக் கொடுப்பதிலும் திரும்ப வாங்குவதிலும் நகலெடுக்கும் செலவு, கிடைத்த ஆதாயத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டது. வொர்க்கர் ஒவ்வொன்றும் தனி நினைவகத்தோடு வருவது. அதைப் பெரும் எண்ணிக்கையில் பயன்படுத்துவதற்காக வடிவமைக்கவில்லை என்று எச்.டி.எம்.எல். தரநிலையே சொல்கிறது. வேலைக்கு ஒன்றாகத் தொடங்கி அழிப்பதும் கூடாது. ஒன்றைத் தொடங்கிக் கடைசிவரை வைத்திருப்பதே என் கருவிக்குப் பொருத்தமாக அமைந்தது.

நகலெடுக்கவே தேவையில்லாமல் எல்லா இழைகளும் ஒரே நினைவகத்தைப் பார்க்க வழி செய்யும் ஷேர்டு அரே பஃபர் என்பதும் இருக்கிறது. 2017இல் உலாவிகளுக்கு வந்த அது, ஸ்பெக்டர் என்னும் செயலிப் பாதுகாப்புக் குறை வெளிப்பட்டதும் 2018 ஜனவரியில் அணைக்கப்பட்டது. இப்போது அதைப் பயன்படுத்த வேண்டுமானால், பக்கத்தைத் தரும் சேவையகம் இரண்டு தனித் தலைப்புகளை (ஹெடர் எனப்படும், பக்கத்தோடு சேர்ந்து போகும் குறிப்புவரிகளை) அனுப்பி, பக்கம் பிற தளங்களிலிருந்து தனிமைப்பட்டது என்று உறுதி செய்ய வேண்டும். அந்தத் தலைப்புகளை வைத்தால், அனுமதி அறிவிக்காத வெளித்தளங்களிலிருந்து படங்களையும் நிரல்களையும் சேர்க்க முடியாது. தலைப்புகளை அமைக்க இடம் தராத இலவச நிலைப்பக்கச் சேவைகளில் இயங்கும் என்போன்றவர்களின் சிறு கருவிகளுக்கு இது கைக்கெட்டாதது. பிற மொழிகளில் எழுதிய பெரிய நிரல்களை வெப் அசெம்பிளி வழியாக உலாவிக்குக் கொண்டுவருபவர்களுக்கு அதுவே உயிர்நாடி. சொல்லடைவுக்கு வேண்டியதில்லை என்று விட்டுவிட்டேன்.

வொர்க்கர் கோப்பை நிரலோடு சேர்த்துக் கட்டும் வேலை முன்பு தொல்லை மிகுந்ததாக இருந்தது. வொர்க்கருக்குள் பிற நிரல்கோப்புகளைச் சேர்க்கும் இம்போர்ட் பயன்படுத்த உதவும் மாட்யூல் வொர்க்கர் வசதி குரோமில் 2020இலேயே வந்தாலும், பயர்பாக்ஸில் 2023இல் 114ஆம் பதிப்பில்தான் வந்தது. இப்போது அந்தத் தயக்கம் தேவையில்லை. நிரல்கோப்புகளைச் சேர்த்துக் கட்டும் கருவிகளான வெப்பேக் 5, வீட் ஆகிய இரண்டும் வொர்க்கர் கோப்பின் முகவரியை நிரலில் எழுதும் ஒரே முறையைப் புரிந்துகொண்டு, அதைத் தனிக்கோப்பாகக் கட்டித் தந்துவிடுகின்றன. பெயர்மாற்றம், தேக்ககம் எதையும் நாம் கவனிக்க வேண்டியதில்லை. பிழைதேடலும் நிறைவாக இருக்கிறது: உலாவியின் உருவாக்குநர் கருவிகளில் வொர்க்கர் தனி இழையாகத் தெரிகிறது, அதற்குள் நிறுத்துபுள்ளி வைக்கலாம், செயல்திறன் பதிவில் அதன் நேரக்கோடு முதன்மை இழையின் கீழே தனியே ஓடுகிறது. மேலே சொன்ன அவிழ்ப்புச் செலவை நான் கண்டுபிடித்ததே அந்த இரண்டு கோடுகளையும் அருகருகே வைத்துப் பார்த்துத்தான்.

தமிழாய்வுப் பயனர்களுக்குக் கருவி தருபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று எஞ்சியிருக்கிறது. வொர்க்கர் கோப்பு, பக்கம் இருக்கும் அதே தளத்திலிருந்தே வர வேண்டும். இணையமில்லாத இடத்தில் வேலை செய்யும் ஒருவருக்கு, கருவியை ஒரு கோப்புறையாகப் பென்டிரைவில் கொடுத்தேன். அவர் எச்.டி.எம்.எல். கோப்பை இருமுறை சொடுக்கித் திறந்தார். பக்கம் வந்தது, வொர்க்கர் வரவில்லை. வட்டிலிருந்து நேரடியாகத் திறக்கும் பக்கத்துக்குத் தளம் என்ற அடையாளம் இல்லை என்று குரோம் கருதுவதால், அடுத்திருக்கும் கோப்பையும் வொர்க்கராக ஏற்க மறுக்கிறது. வொர்க்கரின் நிரல் முழுவதையும் பக்கத்துக்குள்ளேயே உரையாக வைத்து, அதிலிருந்து ஒரு பிளாப் முகவரி (உலாவிக்குள்ளேயே இருக்கும் தரவைச் சுட்டும் தற்காலிக முகவரி) உருவாக்கி, அந்த முகவரியிலிருந்து வொர்க்கரைத் தொடங்கினால் இந்தத் தடை நீங்குகிறது. இதற்கு வொர்க்கர் நிரல் தன்னளவில் முழுமையாக, வேறு கோப்பு எதையும் இம்போர்ட் செய்யாமல் இருக்க வேண்டும். காம்லிங்க் மிகச் சிறியது என்பதால் அதையும் உள்ளே சேர்த்துக் கட்டுவதில் சிரமமில்லை. இணையத்துக்கு ஒன்றும் பென்டிரைவுக்கு ஒன்றுமாக இப்போது இரண்டு கட்டுகளை வெளியிடுகிறேன். பென்டிரைவுக் கட்டு ஒற்றைக் கோப்பு. அவர் அதை இருமுறை சொடுக்கித்தான் திறக்கிறார், கோப்பைத் தேர்ந்தெடுத்தபின் அடுக்கல் நடக்கும்போதே முந்தைய பட்டியலில் ஏற்கெனவே வந்துள்ள வரிகளை உருட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.